மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

சீனியைக் கருக்கும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது என்பது பிரகாசிக்குத் தெரியாததா, எத்தனை கிறிஸ்துமஸுக்குக் கருக்கிய கை, இருந்தும் அவளுடைய ஒரு காது வாசலிலேயே கிடந்தது. மகன் லிஸ்டனின் பைக் தெருமுனையில் திரும்புகிற சத்தத்தை வைத்தே அவன் என்ன மனசோடு வருகிறான் என்று சொல்லிவிடுவாள். நிதானமாகத் திரும்பினால் நல்ல பொழுது. முறுக்கிக்கொண்டு வந்தால் சோறு சூடாக இருக்கிறதா என்று ஒருதரம் தொட்டுப் பார்ப்பாள், ஃபேனைப் போட்டு வைப்பாள், தண்ணீர்ச் செம்பு மேசையில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள். இன்றைக்குச் சனிக்கிழமை. கப்பல் ஏஜென்சி ஆபீஸ் மத்தியானத்தோடு முடிந்து, அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போய்ப் பாட்டுக் குழுவுக்குக் கீபோர்டு வாசித்துவிட்டுத்தான் வருவான், நேரம் இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது. சட்டியில் சீனி ஓரத்தில் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது, நடுவில் இன்னும் வெள்ளையாகவே குவிந்து கிடந்தது. கல்யாணக் கேக்குக்குக் கறுப்பு நிறம் இந்தச் சீனியில்தான் வர வேண்டும். முந்தி இறக்கினால் வெளிறிப்போகும், பிந்தினால் கசந்துவிடும், கசந்த பிறகு எவ்வளவு வெண்ணெய் போட்டும் பிரயோஜனமில்லை, மாப்பிள்ளை வீட்டுக் கேக் கசந்தது என்று ஊர் சொல்லிக்கொண்டே இருக்கும். இவர்கள் குடும்பத்தில் மாப்பிள்ளையின் அம்மாதான் தன் கையால் கேக் செய்ய வேண்டும், அதுவும் வாரக்கணக்கில் முந்தியே சுட்டு, பிராந்தி தெளித்துத் தெளித்து ஊற வைத்திருக்க வேண்டும். பேக்கரியில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. லிஸ்டனே சொன்னான், எம்மா கஷ்டப்படாதிய, கடையில சொல்லிருவோம் என்று, எவ்வளவு பிரியமாகச் சொன்னான், அந்தக் குரலைக் கேட்டவர்கள் வேறு எதையாவது நம்புவார்களா. அவள்தான் பிடிவாதமாக நின்றாள். ஏன் நின்றோம் என்று இப்போது தோளிலிருந்து முழங்கை வரை இழுக்கிற வலியில் யோசித்துப் பார்த்தாள்.

நாளைக்கு மூன்றாம் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் ஊர் கேட்க வாசிப்பார், இவர்கள் திருமணத்துக்கு யாருக்காவது தடை ஏதும் தெரிந்திருந்தால் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார், அதுதான் ஓலை. முதல் ஓலை வாசித்த அன்று பிரகாசி பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற சொல் மைக்கில் கொஞ்சம் கரகரத்துக்கொண்டு வந்து அவள் மடியில் விழுந்தது. உடனே லிஸ்டன் கீபோர்டை வாசிக்கத் தொடங்கிவிட்டான், பாட்டு ஆரம்பித்துவிட்டது, எல்லாரும் எழுந்துவிட்டார்கள், அவளும் எழுந்துவிட்டாள். இரண்டாம் ஓலைக்கு வயிற்றுவலி என்று போகவே இல்லை. வயிற்றுவலி நிஜமாகவே வந்ததுதான், அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. இடையில் ஒருநாள் கோயில் உபதேசியாரைத் தெருவில் பார்த்தபோது சும்மா கேட்கிற மாதிரி, தடை தடையென்று சொல்லுதிய, என்னென்ன அதில் வரும் என்று கேட்டாள். அவர் நின்று நிதானமாகச் சொன்னார்: நெருங்கின சொந்தம், ஏற்கெனவே கல்யாணம், வயசு, சாமியார்ப் பட்டம், வற்புறுத்திக் கட்டிவைப்பது. கை நீட்டுவது அதில் இல்லை. இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார், அவருக்கு எல்லாம் மனப்பாடம், அப்படியென்றால் இல்லைதான். கை நீட்டுகிறவனுக்குத் திருச்சபையே தடை சொல்லாதபோது இவள் யார் சொல்ல. அன்றைக்கு ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கினாள். மறுநாள் காலையில் அதே யோசனை மறுபடியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு, கோபப்பட்டேன், பொய் சொன்னேன், காலை ஜெபம் விட்டுப்போனது என்று வழக்கமானதை எல்லாம் சொல்லிவிட்டு, என் மகன் என்று ஆரம்பித்தாள். சாமியார் மெதுவாகத்தான் சொன்னார், உங்க பாவத்தச் சொல்லுங்கம்மா, மகன் பாவத்த மகன் சொல்வார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் பாவமன்னிப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சீனி நுரைத்துப் பொங்கியது. தேயிலைச் சாய நிறம், அதற்கும் மேலே ஒரு பங்கு, இதோ, இதோ என்று நின்று, சுடுதண்ணீரை ஊற்றி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சட்டி சீறி அடங்கியது. கசக்கவில்லை. விரல் நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு, மேசையில் பழம் நறுக்கிக்கொண்டிருந்த தம்பி கஸ்பாரின் நாக்கிலும் ஒரு சொட்டு வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, இனிக்குக்கா என்றான். கஸ்பாருக்குத் தலை நரைத்துவிட்டது, மனசு மட்டும் பள்ளிக்கூட வயசைத் தாண்டவில்லை. அம்மா சாகும்போது இவன் கையைத்தான் பிரகாசியின் கையில் பிடித்து வைத்தாள். பேரீச்சம்பழத்தையும் இஞ்சி முரப்பாவையும் அவனைப் போலப் பொடிசாக நறுக்க இந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஒவ்வொரு துண்டும் கிஸ்மிஸ் அளவுக்கு மேல் போனால் தானே எடுத்து மறுபடி வெட்டுவான், யாரும் சொல்ல வேண்டாம். லிஸ்டன் அவன்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. அதை நினைத்துத் தொடக்கத்தில் பிரகாசிக்கு ஒரு ஆறுதல், பாரு, பாவப்பட்டவன்மேல் இரக்கம் இருக்கிறது, நெஞ்சில் ஈரம் இல்லாதவனா என்று. வெகுநாள் கழித்து, துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அது இரக்கம் இல்லை என்று சட்டென்று புரிந்தது. கஸ்பார் கத்துவான். கொசு கடித்தாலே தெரு கேட்கக் கத்துவான். அவள் கத்தமாட்டாள். இவ்வளவுதான் கணக்கு. அன்றைக்கு நனைந்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள், பிறகு பிழிந்து காயப்போட்டாள்.

வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து நுரைக்க வைப்பதுதான் கேக்கில் கஷ்டமான வேலை. மிக்ஸியில் போட்டால் பதம் வராது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். மரக் கரண்டியால், ஒரே பக்கமாக, கை மாற்றாமல். இன்றைக்கு வலது கை வலியில் கை மாற்ற வேண்டியதாயிற்று. முழங்கை வரை மூடுகிற ஜாக்கெட் கை இரண்டையும் தோள் வரைக்கும் சுருட்டி விட்டுக்கொண்டு இடது கையால் அடித்தாள், இடது கைக்கு இந்த வேலை பழக்கமில்லை. வியாழக்கிழமை நடந்தது இது. நடந்தது என்றால் என்ன நடந்துவிட்டது, ஒன்றுமில்லை. கட்டிக்கப்போகிற பெண் ஜெசிந்தா போனில் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை, ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டும் மாமி சாப்பிட்டியளா என்று கேட்பதற்காகவே கூப்பிடுவாள். லிஸ்டனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள், பிரகாசி சிரித்துக்கொண்டே, அவனுக்குக் கருவாட்டு வாடை ஆகாது, சின்னதில் கருவாடு சுட்டால் மாடிக்கு ஓடிப்போய் அழுவான் என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் லிஸ்டன் நிற்கிறான். என்னப் பத்தி அவட்ட ஒண்ணும் பேசக் கூடாதுன்னு சொன்னேம்லா என்றான், சத்தமே போடாமல், மேல்கையைப் பிடித்துப் பின்னால் திருகினான், சுவரில் மாதா படம் ஆடியது. விட்ட பிறகு அவனே ஐஸ் கட்டி எடுத்து வந்து துணியில் கட்டி வைத்தான். அதுதான் அவளுக்குப் புரியாதது. அடித்த கையாலேயே ஐஸ் வைப்பான், வைக்கும்போது அவன் கண் கலங்கும், எம்மா, ஏம்மா என்னைக் கோபப்படுத்துதிய என்று கேட்பான். அவளும் உட்கார்ந்து யோசிப்பாள், ஏன் கோபப்படுத்தினோம் என்று.

யாரிடமிருந்து வந்தது இது. புருஷன் மரியதாஸ் கப்பலில் வேலை பார்த்தவர், குடிப்பார், குடித்தால் பாடுவார், பாடிவிட்டுத் தூங்கிவிடுவார், ஒரு சொல் கடிந்து பேசியது கிடையாது. அவர் அடித்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும், அப்பனைப் பார்த்துப் படித்தான் என்று. அவள் வீட்டுப் பக்கமும் அப்படி யாரும் இல்லை. அப்படியென்றால் அவள் வளர்த்ததில்தான் பிசகு. ஒரே பிள்ளை, கேட்டதெல்லாம் கொடுத்தாள். இல்லை, கொடுக்காமல் இருந்ததும் உண்டே, கீபோர்டு கேட்டு அழுதபோது எவ்வளவு நாள் இழுத்தடித்தாள், ஒருவேளை அதுவா. முதல் தடவை எது என்று தேடிப் பார்ப்பாள். அப்பா செத்த வருஷம் அவன் தட்டைத் தள்ளியது முதல் தடவையா, தட்டு பட்டு உதடு கிழிந்ததே, அது தெரியாமல் பட்டது. அடுத்தது கதவு, அதுவும் அவள் விரல் கதவிடுக்கில் இருந்தது அவனுக்குத் தெரியாது. தெரிந்து அடித்தது எது, எங்கே தெரியாதது முடிந்து தெரிந்தது ஆரம்பித்தது, அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு கால் இடறி நின்றுவிடும். எங்கே தொடங்கியது என்று தெரியாத ஒன்றை யாரிடம் போய் எப்படிச் சொல்வது. மஞ்சள் கருவை ஒவ்வொன்றாகப் போட்டு அடித்தாள். வெண்ணெய் திரிந்துவிடுமோ என்று பயந்தாள், திரியவில்லை.

கால்கட்டு போட்டால் சரியாகிவிடுவான். இதை முதலில் யார் சொன்னது, அவளேதான், கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தில் பவுடரைத் தடவி மறைத்துக்கொண்டு. ஒரு பொண்ணு வந்தால் மாறிவிடுவான், ஒரு பிள்ளை பிறந்தால் மாறிவிடுவான். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று எப்படி இருந்தான், சிரிப்பென்ன, கஸ்பாருக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்ததென்ன. ஜெசிந்தாவிடம் அவன் இப்படி இருக்கமாட்டான். அவள் படித்த பெண், சம்பாதிக்கிறாள், அவளுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கிறான், பயப்படுவான். அவளிடம் இருக்கமாட்டான் என்றால் அப்போது அது பெற்றவளிடம் மட்டும்தானா. இங்கே வந்ததும் மைதாவைச் சலிக்கிற கை நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு எண்ணம் இருந்தது, அது வெகுநாளாக அங்கேதான் இருக்கிறது, அவள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்றைக்குப் பார்த்துவிட்டாள். அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்துவிட்டால் தண்ணீர்ச் செம்பை அவள் வைப்பாள், சோற்றை அவள் போடுவாள், கோபம் வரும்போது பக்கத்தில் நிற்பதும் அவளாகத்தான் இருக்கும். இந்தக் கை ஆறிவிடும். சேசுவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், கஸ்பார் நிமிர்ந்து பார்த்தான், ஒண்ணுமில்லடா என்றாள். பட்டைப்பொடியும் ஜாதிக்காயும் மைதாவோடு கலந்து சல்லடையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. பெற்ற மகனைவிட, வரப்போகிற பெண்ணைவிட, தன் ஒரு கைதான் அவளுக்குப் பெரிசு என்றால் அவள் என்ன பிறவி. அருவருப்பாக இருந்தது. மாவை இரண்டாம் முறையும் சலித்தாள்.

சொல்லிவிடலாம். ஜெசிந்தாவிடம் நேராகச் சொல்ல வேண்டியதில்லை, சாமியாரிடமும் வேண்டாம், பெண்ணின் அம்மாவிடம் பொதுவாக, லிஸ்டனுக்குக் கொஞ்சம் கோபம் வரும் என்று. கோபம் வரும் என்றால் எந்த ஆம்பிளைக்குத்தான் வராது என்று சிரிப்பார்கள். கொஞ்சம் கை நீளம் என்றால் திருடுகிறவன் என்று நினைத்துக்கொள்வார்கள். என்னை அடிக்கிறான் என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. அந்த வாக்கியத்தை மனசுக்குள் நிறுத்திப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரியின் வீட்டில் நடந்த மாதிரி இருந்தது, தன் வாயில் ஒட்டவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம். பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று, கோயிலில் எழுதியாயிற்று, எல்லாம் நிற்கும், ஊர் சிரிக்கும், அதுகூடப் போகட்டும். எல்லாரும் போன பிறகு இந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவனும் அவளும் இருப்பார்கள். கல்யாணத்தை நிறுத்தியது அம்மா என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்த இடத்தில் நினைப்பு மேலே போகாது, அதற்கு மேல் அவளால் ஒன்றையும் பார்க்க முடிவதில்லை. மாவில் பிசறிய பழங்களைப் போட்டாள், மாவு பிசறாவிட்டால் பழம் எல்லாம் அடியில் போய்த் தங்கிவிடும். முந்திரி, செர்ரி, கருக்கின சீனித் தண்ணீர், பிராந்தி. வாடை எழுந்து வீடெல்லாம் நிறைந்தது, அந்த வாடை பொய்யில்லாமல் நல்ல வாடையாக இருந்தது, அதற்காகவே அழுகை வந்தது.

வீட்டு ஆட்கள் எல்லாரும் ஒரு சுற்றாவது கிண்ட வேண்டும், அதுவும் வழக்கம். கஸ்பாரை மேசையிலிருந்து எழுப்பிக் கரண்டியைக் கொடுத்தாள். அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மாவுக்கு வலிக்கும் என்று பயந்தவனைப் போலக் கிண்டினான். லிஸ்டனுக்கு நல்லா இருக்கணும், மருமவளுக்கு நல்லா இருக்கணும், அக்காவுக்கு நல்லா இருக்கணும் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் சொன்னான். போதும்டா என்றாள். உனக்கும் நல்லா இருக்கணும்னு சொல்லு என்றதும் வெட்கப்பட்டுச் சிரித்தான், சொல்லவில்லை. வெண்ணெய்த் தாள் விரித்த கேக் தகரத்தில் மாவை வழித்து ஊற்றி, மரியதாஸ் கொழும்பிலிருந்து கொண்டுவந்த வட்ட ஓவனுக்குள் வைத்து மூடினாள். இனி திறக்கக் கூடாது. பாதியில் திறந்தால் நடு அமுங்கிப் போகும். மூடியில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாக இருந்தது, அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓவன் சூட்டில் முகம் காந்தியது. நாளைக்குப் பூசைக்குப் போக வேண்டும். மூன்றாம் ஓலைக்கும் போகாமல் இருந்தால் கேட்பார்கள். முன்பெஞ்சில் உட்காராமல் வெளியே மாதா கெபிப் பக்கமாக நின்றுகொள்ளலாம், அங்கே மைக் சத்தம் சரியாகக் கேட்காது. சொல்லைக் கேட்காவிட்டால் கடமையும் இல்லை என்று ஆகுமா என்று யோசித்தாள், சின்னப் பிள்ளை மாதிரி யோசிக்கிறோம் என்று தெரிந்தும் யோசித்தாள்.

வாசலில் வண்டிச் சத்தம். தண்ணீர்ச் செம்பைத் தேடி எழுந்தாள், பிறகுதான் அது ஸ்கூட்டி என்று உறைத்தது. ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள், ஆஸ்பத்திரி வெள்ளை உடுப்போடு, கையில் ஒரு துணிப்பை. உங்க தையல்காரருக்கு அளவு ஜாக்கெட் கொடுக்க வந்தேன், டூட்டி முடிந்து போகிற வழி, கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறினேன் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவாள் என்று சிரித்தாள். மூக்கை உறிஞ்சி, கேக்கா மாமி என்றாள். கஸ்பாரைப் பார்த்துச் சாப்பிட்டியளா என்று கேட்டாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிரகாசி பையை வாங்கக் கை நீட்டினாள். சுருட்டி விட்ட ஜாக்கெட் கை தோளிலேயே இருந்தது. ஜெசிந்தாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை ஏந்தினாள், வேலை பார்க்கிறவளின் பிடி, இறுக்கமும் இல்லை, விடவும் இல்லை. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பிரகாசி ஓவன் மூடி இடித்தது என்றாள், பிறகு பாத்ரூமில் வழுக்கியது என்றாள், இரண்டையும் சொன்னது தப்பு என்று சொன்ன பிறகு தெரிந்தது.

"எங்க வார்டுக்கு வாற பொம்பளையல்லாம் பாத்ரூம்லதான் விழுவாவ, மாமி," என்றாள் ஜெசிந்தா, மெதுவாக. "இது விரல் தடம். யாரு?"

யாரு. இந்த வீட்டில் இருப்பதே இரண்டு ஆம்பிளைகள். பிரகாசி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கேட்டது நர்ஸ், அது வாய். கண் வேறாக இருந்தது. கண்ணில் ஒரு பெயர் ஏற்கெனவே வந்து நின்றுவிட்டது, அந்தப் பெயரைச் சொல்லிவிடாதிய மாமி என்று அந்தக் கண் கெஞ்சியது. கல்யாணச் சேலை எடுத்தாயிற்று, கூட வேலை பார்க்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டாயிற்று, ராத்திரி வெகுநேரம் போனில் அவன் குரலைக் கேட்டுவிட்டுத் தூங்குகிற பிள்ளை. சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையும் பிரகாசியின் நாக்குக்கு வந்துவிட்டன. இப்போது கேட்கிறாள், கேட்டே விட்டாள், சாமியாரிடம் போக வேண்டாம், சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டாம், வாயைத் திறந்தால் போதும். எல்லாரும் போன பிறகு சாத்துகிற அந்தக் கதவு கண்ணுக்கு முன்னால் வந்தது. ஓவன் டிக் என்று ஒரு சத்தம் கொடுத்தது. கஸ்பார் மேசையில் உதிர்ந்து கிடந்த முந்திரித் தூளை விரலால் ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பிதாம்மா," என்றாள் பிரகாசி. "அவனுக்குச் சில நேரம் புத்தி நிக்காது."

சொன்னது அவள்தான், ஆனால் அவள் சொல்வதற்கு முன்னாலேயே யாரோ சொல்லி வைத்திருந்த மாதிரி அவ்வளவு சுலபமாக வந்தது. ஜெசிந்தாவின் தோள் இறங்கியது, மூச்சு வெளியே வந்தது, முகத்துக்கு ரத்தம் திரும்பியது, எவ்வளவு சந்தோஷம் அந்தப் பிள்ளைக்கு, அந்தச் சந்தோஷத்துக்குத் தானே வெட்கப்பட்டு மாமியின் கையைத் தடவிக் கொடுத்தாள். களிம்பு கொடுத்தனுப்புகிறேன் என்றாள். குரலைத் தாழ்த்தி, இதை இப்படியே விடக் கூடாது மாமி, இன்னைக்குக் கை, நாளைக்கு என்னவும் ஆகலாம், எங்க ஆஸ்பத்திரி சிஸ்டர்மாருக்குத் தெரிந்த ஹோம் ஒன்று இருக்கிறது, நல்லாப் பார்த்துக்கொள்வார்கள், கல்யாணத்துக்குள்ளே அங்கே சேர்த்துவிடலாம், நான் பேசுகிறேன் என்றாள். எவ்வளவு தாழ்த்தினாலும் சின்ன வீடு. கஸ்பாரின் விரல் மேசையில் நின்றுவிட்டது. அவன் அக்காவின் கையைப் பார்த்தான், அந்த நீலத்தைப் பார்த்தான், தன் கையை விரித்துப் பார்த்தான்.

"நான் அடிச்சேனாக்கா?" என்று கேட்டான்.

கோபமே இல்லை அவன் குரலில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவனுக்கு எத்தனையோ விஷயம் ஞாபகம் இருக்காது, எந்தக் கிழமை, மாத்திரை போட்டானா, அம்மா எப்போது செத்தாள், எல்லாவற்றையும் அக்காவிடம் கேட்பான், அக்கா சொன்னால் அதுதான். இதுவும் அப்படித்தான். ஜெசிந்தா பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாடா என்றாள் பிரகாசி, தெரியாம செஞ்சிட்ட, பரவால்ல என்றாள். பரவால்ல என்று தன் வாய் சொல்வதைக் கேட்டபோதுதான் வியாழக்கிழமை ராத்திரி ஐஸ் வைத்த பிறகு லிஸ்டனிடமும் இதே வார்த்தையை, இதே குரலில் சொன்னது நினைவுக்கு வந்தது.

ஜெசிந்தா போய்விட்டாள். போகும்போது கஸ்பாரிடமிருந்து சற்று விலகி, சுவரோரமாகவே நடந்து போனாள், அதையும் பிரகாசி பார்த்தாள். ஸ்கூட்டியைக் கிளப்ப நேரம் எடுத்தது, உதைத்தாள், நின்றது, மறுபடி உதைத்தாள். ஓடிப்போய்ச் சொல்ல நேரம் இருந்தது. எழுந்துகூட நின்றாள். கேக் வெந்த வாடை மாறியது, ஓரம் பிடிக்கப்போகிறது, இப்போது இறக்காவிட்டால் காய்ந்துவிடும், அவள் ஓவன் பக்கம் திரும்பினாள். ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தாள், ஒட்டவில்லை. கறுப்பாக, மேலே வெடிப்பில்லாமல், ஓரம் சீராக, அவள் கையில் இதுவரை இப்படி ஒரு கேக் வந்ததில்லை. தகரத்தைப் பிடிக்க அந்தத் துணியை எடுத்துக் குடுடா என்றாள். கஸ்பார் வரவில்லை. சுவரோடு ஒட்டி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். துணியடா என்றாள் மறுபடியும். வேண்டாம்க்கா, கிட்ட வரமாட்டேன் என்றான். அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைப்பதற்குக் கையை முன்னால் கொண்டுவரப் பயந்து அப்படியே விட்டிருந்தான். பிரகாசி அவன் பக்கம் ஒரு அடி வைத்தாள். இல்லடா, நீ இல்லடா, அக்கா பொய் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இவன் நாளைக்கு எல்லாரிடமும் சொல்வான், அக்கா பொய் சொன்னா, நான் அடிக்கல, லிஸ்டன்தான் என்று பூசைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்வான், அவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. சேலைத் தலைப்பால் தகரத்தைப் பிடித்து இறக்கி வைத்தாள், விரல் சுட்டது, சுடட்டும் என்று விட்டாள்.

பைக் நிதானமாகத் திரும்பியது. லிஸ்டன் நல்ல மனசோடுதான் வந்தான், செருப்பைக் கழற்றும்போதே நாளைக்கு வாசிக்கப்போகிற பாட்டை முனகிக்கொண்டு வந்தான். வாசனை தெருவரைக்கும் வருது எம்மா என்றான். சுவரோரத்தில் நிற்கிற கஸ்பாரைப் பார்த்து, என்ன மாமா, ஏன் அழுதிய என்று கேட்டான். கஸ்பார் விம்மி விம்மிச் சொன்னான், நான் அக்காவ அடிச்சிட்டேன், கையெல்லாம் நீலமாயிட்டு, அந்தப் பிள்ள பாத்துச்சு, அக்கா சொன்னா. லிஸ்டன் சுருட்டி விட்ட ஜாக்கெட் கை அப்படியே இருந்த அம்மாவின் தோளைப் பார்த்தான், மூலையில் கிடந்த ஜெசிந்தாவின் துணிப்பையைப் பார்த்தான், ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து பொருந்துவதைப் பிரகாசி பார்த்தாள். இனி இந்த வீட்டில் யார் உடம்பில் எந்தத் தடம் விழுந்தாலும் அதற்கு ஒரு ஆள் இருக்கிறான். ஹோமுக்கு அனுப்புகிற வரைக்கும் கஸ்பார், அனுப்பிய பிறகு யாரோ, எதுவோ, எப்படிச் சொல்வது என்று அவள் வழி காட்டிவிட்டாள். லிஸ்டன் போய் மாமாவின் முன்னால் குனிந்து, முதுகுக்குப் பின்னாலிருந்த இரண்டு கையையும் மெல்ல முன்னால் எடுத்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"இனிமே அம்மாவ அடிக்கக் கூடாது, என்ன மாமா? அம்மா பாவம்லா."

கஸ்பார் தலையாட்டினான். லிஸ்டன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அவளும் தலையாட்டினாள்.